‘முடி’ மொத்தையாக வரவில்லை, ‘முடிவு’ வருகிறது: தமிழ் நிரலுக்கு நிறம் தருவதில் சிக்கல்

கெடிலக்கரை, கடலூர்
ஞாயிறு, காலை 6.50

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் தேரடிப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் ஒன்பது பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பைத்தான் என்ற நிரல்மொழி அதற்கப்புறம் கற்றுக்கொண்டது. பிள்ளைகள் எல்லாரும் தமிழ்வழியில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிப்பவர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து மூன்று பேர், முதுநகரிலிருந்து இரண்டு பேர், மீதிப் பேர் எங்கள் தெரு. ஆங்கிலக் கீவேர்டை, அதாவது நிரல்மொழிக்கே உரிய கட்டளைச் சொல்லை, பார்த்ததும் அவர்களுக்குக் கை நின்றுவிடுகிறது. அதனால் பைத்தானில் ஒரு சின்ன மொழி செய்தேன். எட்டே எட்டு கீவேர்ட்: பதிப்பி, ஆனால், இல்லை, வரை, ஆக, தொடர், பின்கொடு, முடி. இவை எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்தான். நல்ல சொற்கள் இருக்கும்போது புதிதாகத் தேட மனம் வரவில்லை. என் மொழிக்குப் பெயர் வைக்கவில்லை, பிள்ளைகள் ‘மிஸ் மொழி’ என்கிறார்கள்.

தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி எழுதியது இது. அவள் அப்பா மீன் ஏலத்துக்குப் போகிறவர்.

மத்தி = 120
கூடை = 1
கூடை < 6 வரை
    பதிப்பி கூடை * மத்தி
    கூடை = கூடை + 1
முடி

ஐந்து கூடைக்கும் விலை வரிசையாக வந்ததும் அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவிடம் காட்டுவதற்கு.

இனி என் சிக்கல். நிரல் எழுதும் விஎஸ் கோட் செயலியில் இந்த மொழிக்கு நிறம் வர வேண்டும் என்று, எந்தச் சொல் எந்த வகை என்று அதற்குச் சொல்லும் டெக்ஸ்ட்மேட் இலக்கணக் கோப்பு ஒன்று எழுதினேன். கீவேர்ட் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் சொல் எல்லைக் குறி, அதாவது ரெகெக்ஸ் என்ற தேடல் குறிமொழியில் பின்சாய்கோடு போட்டுப் ‘பி’ எழுதுவோமே, அது. முதல் இரண்டு நாள் எதுவுமே நிறம் மாறவில்லை. இலக்கணக் கோப்பு ஜேசன் என்ற வடிவத்தில் இருப்பது, அதில் ஒரே ஒரு பின்சாய்கோடு போட்டு எழுதினால் அதற்கு பேக்ஸ்பேஸ் என்று பொருளாம். பிழை என்று ஒரு செய்தியும் வராது, சும்மா இருந்துவிடும். சாய்கோட்டை இரண்டாக்கி விண்டோவை ரீலோட் செய்ததும் எட்டு சொல்லும் நீலமாக எழுந்து வந்தன. அந்த நேரத்தில் வீட்டில் கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்தது பயிற்சித்தாள். ஆறு பிள்ளைகள் வீட்டில் கணினி கிடையாது. வாரத்துக்கு ஒரு தாள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவேன், வீட்டில் படித்து நோட்டில் எழுதி வருவார்கள். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை என்பதால் தாளில் நிறத்துக்குப் பதில் கீவேர்டை மொத்தையாக அச்சிட வேண்டும். பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன்: பிள்ளைகளின் நிரலைப் படித்து, கீவேர்டைக் கண்டுபிடித்து, மொத்தையாக்கி, ஹெச்டிஎம்எல் பக்கமாகக் கொடுக்கும். ரெகெக்ஸ் விஎஸ் கோடில் போட்ட அதே வரிதான். எழுத்துக்கு எழுத்து அதேதான், மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

வந்த தாளில் எல்லாம் தலைகீழ். ‘முடி’ மொத்தையாக வரவில்லை. ‘முடிவு’ என்று ஒரு மாறி வைத்திருந்தேன், அதில் ‘முடி’ வரைக்கும் மொத்தையாக வந்து ‘வு’ மட்டும் மெலிதாக நிற்கிறது. ‘வரை’ வரவில்லை, ‘வரைபடம்’ என்ற மாறியில் பாதி வந்திருக்கிறது. எட்டு கீவேர்டில் ஒழுங்காக வந்தது ‘ஆக’ ஒன்றுதான். அதுவும் முழுக்க ஒழுங்கில்லை. பறவை விளையாட்டில் ‘ஆகாயம்’ என்று ஒரு மாறி உண்டு, அது ‘ஆக’ மொத்தையாகவும், அடுத்து ஒரு புள்ளி வட்டத்தில் தொங்குகிற கால், பிறகு ‘யம்’ என்றும் உடைந்து அச்சாகிறது.

அவசரத்தில் அதைக் கவனிக்காமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நேற்று அந்தத் தேவனாம்பட்டினத்துப் பெண் நோட்டைக் காட்டினாள். ‘முடி’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘முடிவு’ என்று திருத்தி எழுதியிருக்கிறாள். நான்கு இடம். ஏன் என்று கேட்டேன். “தாள்ல ‘முடிவு’தான் மிஸ் மொத்தையா இருக்கு, ‘முடி’ சாதாரணமா இருக்கு. அப்போ ‘முடிவு’தானே கீவேர்டு?” என்றாள். மொத்தையாக இருப்பது மொழியின் சொல், மெலிதாக இருப்பது நாம் வைத்த பெயர் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். சரியாகப் போட்டிருந்த நிரலை என் தாளை நம்பி அழித்திருக்கிறாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரே ரெகெக்ஸ் ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் நேர்மாறாகவும் வேலை செய்வது எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. விஎஸ் கோடிலேயே ஒரே ஒரு மடிக்கணினியில் மட்டும் ‘தொடர்’, ‘பின்கொடு’ இரண்டும் நிறம் மாறுவதில்லை. மற்ற ஆறும் அதில் சரி. அந்த மடிக்கணினியில் எழுதிய கோப்பை என் கணினியில் திறந்தாலும் நிறம் வரவில்லை. ஓடவிட்டால் ‘தெரியாத சொல்: தொடர்’ என்று என் மொழியே சொல்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ‘தொடர்’ தொடராகத்தான் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தாளைச் சரி செய்து கொடுத்தாக வேண்டும்.


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு, காலை 9.15

டீச்சர், வணக்கம். உங்கள் ரெகெக்ஸில் தப்பில்லை. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொல் எல்லை என்பது, ஒரு பக்கம் சொல்லெழுத்தும் மறுபக்கம் சொல்லெழுத்து அல்லாததும் இருக்கிற இடம். எதைச் சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்வது என்பதில் ஒவ்வொரு ரெகெக்ஸ் இயந்திரத்துக்கும் ஒரு கணக்கு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ம, ட, வ எல்லாம் ‘எழுத்து’ வகை. புள்ளி, கால், கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு எல்லாம் ‘மார்க்’ என்ற தனி வகை. விஎஸ் கோடுக்குள் நிறத்துக்காக ஓடுவது ஓனிகுருமா என்ற இயந்திரம். அது மார்க்கையும் சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் ‘ரீ’ நூலகம் எழுத்து, எண், அடிக்கோடு மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். மார்க் அதற்கு அந்நியம்.

இப்போது ‘முடி’யைப் பைத்தானின் கண்ணால் பாருங்கள். கடைசியில் இருப்பது மேல்விலங்கு, சொல்லெழுத்து அல்ல. அதற்கு அடுத்து வரிமுடிவு, அதுவும் சொல்லெழுத்து அல்ல. இரண்டு பக்கமும் ஒரே வகை, ஆகவே அங்கே எல்லை இல்லை, பொருந்தாது. ‘முடிவு’ என்றால் மேல்விலங்குக்கு அடுத்து ‘வ’ வருகிறது. ஒரு பக்கம் அந்நியம், ஒரு பக்கம் எழுத்து, ஆகா எல்லை கிடைத்துவிட்டது என்று மொத்தையாக்கிவிடுகிறது. ‘வரை’, ‘வரைபடம்’ கதையும் இதுதான்.

உங்கள் எட்டில் ‘ஆக’ மட்டும் தப்பியதற்கும் காரணம் உண்டு. அது ஒன்றுதான் குறி எதுவும் இல்லாத வெறும் ‘க’வில் முடிகிறது. மற்ற ஏழும் புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடிபவை. ஆனால் ‘ஆகாயம்’ என்று வரும்போது ‘க’வுக்கு அடுத்த கால் அந்நியம் என்பதால் நடுவிலேயே எல்லை விழுகிறது. காலைத் தனியாகப் பிரித்து வேறு தடிமனில் வரையச் சொன்னால், அது உட்கார எழுத்து இல்லாமல் பிரவுசர் ஒரு புள்ளி வட்டம் போட்டு அதில் உட்கார வைக்கும். அதைத்தான் தாளில் பார்த்தீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சொல்லெழுத்துத் தொடரைத் தேடும் ரெகெக்ஸை, அதாவது பின்சாய்கோடு, டபிள்யூ, கூட்டல் குறி, ‘முடிவு’ மேல் ஃபைண்ட்ஆல் செய்தால் ம, ட, வ என்று மூன்று துண்டு வரும். இதில் எனக்கு மனக்குறை என்னவென்றால், ‘முடிவு’ என்று பைத்தானில் மாறிக்கே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 மறுக்காது. பெயராக ஏற்றுக்கொள்ளும் அதே சொல்லை அதன் ரெகெக்ஸ் சொல்லாக ஏற்பதில்லை.

தீர்வு: எல்லைக் குறியை நம்பாமல் எல்லையை நீங்களே எழுதிவிடுங்கள்.

(?<![ஃ-௺_0-9])(?:பதிப்பி|ஆனால்|இல்லை|வரை|ஆக|தொடர்|பின்கொடு|முடி)(?![ஃ-௺_0-9])

முன்னால் தமிழ்க் குறியீடு எதுவும் இருக்கக்கூடாது, பின்னாலும் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் பொருள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் 2944 முதல் 3071 வரை. அதில் ஆய்தம் 2947-இல் இருக்கிறது. உயிர், மெய், குறிகள், புள்ளி, தமிழ் எண்கள், நாள், மாதம், பற்று, வரவு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து ௺ என்ற எண் குறியோடு முடிகின்றன. அதனால் ஃ-௺ என்று ஒரு கோடு போட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். பிள்ளைகள் மாறிப் பெயரில் ஆங்கில எழுத்தும் போடுவார்கள் என்றால் அதையும் இரண்டு அடைப்புக்குள்ளும் சேருங்கள்.

இந்த வரி பைத்தானிலும் ஓடும், விஎஸ் கோடிலும் ஓடும், ஜாவாஸ்கிரிப்டிலும் ஓடும். பின்னால் பிள்ளைகளின் போனுக்காக ஒரு வலைப்பக்கம் செய்தால் உதவும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்டின் எல்லைக் குறிக்குத் தமிழ் எழுத்து எதுவுமே சொல்லெழுத்து அல்ல. அங்கே உங்கள் பழைய ரெகெக்ஸ் ‘ஆக’வைக்கூடப் பிடித்திருக்காது.

‘தொடர்’ விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கோப்பில் ஒரு ‘தொடர்’ எடுத்து அதன் நீளத்தைப் பைத்தானில் அளந்து எழுதுங்கள்.


நெய்வேலி நிரலர்
ஞாயிறு, பகல் 12.30

ரெகெக்ஸோடு மல்லுக்கட்டுவதை விட ட்ரீசிட்டர் என்ற கருவிக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. மொழிக்கு முறையான இலக்கணம் எழுதிவிட்டால் அது நிரலை மரமாகவே பிரித்துக் கொடுக்கும். ஒரு எழுத்து மாற்றினால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பார்க்கும். ஈமாக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்பில் 2023 முதல் உள்ளேயே இருக்கிறது, நியோவிம், ஹெலிக்ஸ் என்ற எடிட்டர்கள் இரண்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. நான் ஹெலிக்ஸில் வேலை செய்கிறேன், பழைய கணினியிலும் வேகமாக இருக்கிறது.


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு, பகல் 12.50

அண்ணா, பெரிய மொழி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். டீச்சருடையது எட்டு கீவேர்ட், ஒரு சரம், ஒரு குறிப்பு வரி. பிள்ளைகள் பழகியிருப்பது விஎஸ் கோட், அதில் புது மொழிக்கு நிறம் கொண்டுவர நேர்வழி டெக்ஸ்ட்மேட் இலக்கணம். சனிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும் வேறு.


பழைய தட்டச்சர், கடலூர் முதுநகர்
ஞாயிறு, மாலை 5.20

அம்மா, உங்கள் ‘தொடர்’ சிக்கலைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. முப்பது வருடம் தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்தவன் நான். நிரல் எழுதத் தெரியாது, ஆனால் எழுத்து தெரியும்.

நிறம் வராத இரண்டு சொல்லையும் பாருங்கள். ‘தொடர்’, ‘பின்கொடு’. இரண்டிலும் ஒகரம் இருக்கிறது, மற்ற ஆறில் இல்லை. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, ஒரே குறியாக, எண் 3018. இன்னொன்று, ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு குறியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் எண்ணை எண்ணோடு ஒப்பிடும் நிரலுக்கு இவை வேறு வேறு. தம்பி கேட்டபடி நீளத்தை அளந்தால் நல்ல ‘தொடர்’ 5 என்றும், மற்றது 6 என்றும் வரும் என்று நினைக்கிறேன்.

தட்டச்சுப் பொறியில் ‘தொ’ அடிப்பது மூன்று தட்டு. முதலில் கொம்பு, பிறகு த, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்காகக் கணினியிலும் டைப்ரைட்டர் விசைப்பலகை முறை உண்டு. சில மென்பொருள்கள் கொம்பையும் காலையும் எழுத்துக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக்காமல் விட்டுவிடும். தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘த’ அடித்து ‘ஒ’ அடித்தால் போதும், ஒரே குறியாக விழும். அந்த மடிக்கணினியில் யாரோ டைப்ரைட்டர் முறையை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓகாரமும் ஔகாரமும் இதே போல இரண்டு விதமாக வரும், நாளைக்கு ‘தோடு’ என்றொரு கீவேர்ட் வைத்தால் அதுவும் மாட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். ஔகாரத்தில் ‘கௌ’ அடிக்கத் தெரியாமல் கொம்பு, க, அப்புறம் ‘ள’ எழுத்து என்று அடிப்பவர்கள் ஏராளம். அது சமமே அல்ல, எழுத்துப்பிழை. அதை எந்தக் கருவியும் சேர்த்துவைக்காது, பிள்ளைகளுக்குக் கையால்தான் திருத்த வேண்டும். பயிலகத்தில் நான் அதிகம் திருத்தியது அதைத்தான்.


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு, மாலை 6.05

ஐயா சொன்னதுதான் காரணமாக இருக்க வேண்டும். டீச்சர், இரண்டு இடத்தில் சரி செய்ய வேண்டும்.

உங்கள் மொழி கோப்பைப் படித்ததும் முதல் வேலையாக யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள். கொம்பும் காலும் ஒரே குறியாகிவிடும். பைத்தான்கூட மாறிப் பெயர்களை ஒப்பிடும் முன் இப்படி ஒரு சீராக்கல் செய்துகொள்கிறது. அச்சு நிரலிலும் இதே வரி போதும்.

விஎஸ் கோடில் அது முடியாது. இலக்கணக் கோப்பு எழுத்தைப் பார்க்கும், மாற்றாது. அங்கே ‘தொடர்’, ‘பின்கொடு’ இரண்டையும் இரண்டு வடிவத்திலும் எழுதிவிடுங்கள். சாதாரணமாகத் தட்டச்சு செய்யாதீர்கள். பார்க்க ஒன்றாக இருப்பதால் ஆறு மாதம் கழித்து ‘இது ஏன் இரண்டு முறை இருக்கிறது’ என்று நீங்களே ஒன்றை அழித்துவிடுவீர்கள். ஜேசனில் பின்சாய்கோடு, யு போட்டுப் பதினாறடிமான எண்ணாக எழுதலாம். அது அசிங்கமாக இருந்தாலும் எது எது என்று தெரியும்.


கெடிலக்கரை, கடலூர்
செவ்வாய், இரவு 9.40

தம்பிக்கும் ஐயாவுக்கும் என் நன்றி. இரண்டுமே சரியாகிவிட்டன. நீளம் அளந்தேன், 5-ம் 6-ம்தான். அந்த மடிக்கணினி என் நாத்தனார் கொடுத்தது. அவர் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருந்தவர், விசைப்பலகையை அவர் கைப்பழக்கத்துக்கு மாற்றி வைத்திருந்திருக்கிறார். முதுநகர்ப் பையன் அதிலேயே கற்றுக்கொண்டு வேகமாக அடிக்கிறான். அவனைத் தமிழ்99-க்கு மாற்றச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அவன் கைக்கு வந்ததை விட்டுவிட்டு என் மொழியை மாற்றிக்கொண்டேன்.

[ஃ-௺] என்ற அடைப்பை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்டவள், ௺ என்று ஒரு குறி இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

நெய்வேலி தம்பி சொன்ன ட்ரீசிட்டரையும் குறித்து வைத்திருக்கிறேன். மொழி வளர்ந்தால் பார்க்கலாம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. சரத்துக்கு மேற்கோள் குறியில் தொடங்கி மேற்கோள் குறியில் முடிகிற மாதிரி தொடக்கம், முடிவு என்று விதி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை மூடும் குறியை மறந்துவிட்டால் அங்கிருந்து கோப்பின் கடைசி வரை எல்லாம் பழுப்பாகிவிடுகிறது. போன மாதம் ஆறாவது படிக்கும் பையன் முப்பது வரி ஒரேயடியாக நிறம் மாறியதும் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். இதை அந்த ஒரு வரியோடு நிறுத்த முடியுமா? அச்சு நிரலில் வேறொரு கோளாறு. பதிப்பி "ஆட்டம் முடி" என்று எழுதினால் மேற்கோளுக்குள் இருக்கும் ‘முடி’யும் மொத்தையாகிறது. விஎஸ் கோடில் அப்படி ஆவதில்லை.


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
செவ்வாய், இரவு 11.10

டீச்சர், உங்கள் மொழியில் சரம் ஒரே வரிதான் என்றால் தொடக்கம், முடிவு விதியே வேண்டாம். இந்த மூன்றையும் இதே வரிசையில் வையுங்கள்.

"[^"]*"
"[^"]*$
#.*$

முதலாவது ஒழுங்காக மூடிய சரம். இரண்டாவது, திறந்து மூடாமல் வரி முடிவு வரை போனது. அதற்குத் தவறு வகைப் பெயர் கொடுங்கள், தீம், அதாவது எடிட்டரின் நிறத்தொகுப்பு, அதைச் சிவப்பாகக் காட்டும். மூன்றாவது குறிப்பு வரி. டெக்ஸ்ட்மேட் இலக்கணம் வரி வரியாகப் பார்க்கும். ஒரு வரியில் எந்த விதி முன்னாலேயே பொருந்துகிறதோ அதற்கே முதலிடம், ஒரே இடத்தில் இரண்டு பொருந்தினால் மேலே எழுதியதற்கு முதலிடம். அதனால்தான் மேற்கோளுக்குள் இருக்கும் ‘முடி’ விஎஸ் கோடில் தப்பிக்கிறது, சரம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேற்கோளுக்குள் # வந்தாலும் குறிப்பாக மாறாது.

வகைப் பெயர்களைச் சொந்தமாக வைக்காமல் எல்லாரும் வைக்கும் பெயர்களையே வையுங்கள். தீம்களுக்கு அந்தப் பெயர்கள்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த வகை விழுந்தது என்று பார்க்க, கட்டளைப் பெட்டியில் ‘இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. கர்சரை வைத்தால் சொல்லிவிடும்.

அச்சு நிரலில் நீங்கள் எட்டு கீவேர்டை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் சரம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேலே உள்ள மூன்றையும் கீவேர்ட் வரியையும் செங்குத்துக் கோட்டால் சேர்த்து ஒரே ரெகெக்ஸாக்குங்கள். கோப்பு முழுவதும் ஒரே ரெகெக்ஸால் தேடும்போது $ ஒவ்வொரு வரி முடிவையும் பிடிக்க மல்டிலைன் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். அடைப்புக்குள் மேற்கோளோடு வரிமாற்றத்தையும் விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சரம் அடுத்த வரிக்குத் தாவும். பிறகு பைத்தானின் சப் கட்டளையால் மாற்றும்போது மாற்றுச் சொல்லுக்குப் பதில் ஒரு செயற்கூறு கொடுங்கள். பொருந்தியது கீவேர்டாக இருந்தால் மொத்தையாக்கட்டும், மற்றதை அப்படியே திருப்பித் தரட்டும். ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன். மூடாத சரம் கீழே முழுக்கப் பரவுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது அல்லவா? ஏதோ தப்பு என்று உடனே தெரியும். நான் வேலையில் அதைப் பார்த்துத்தான் பிழை பிடிக்கிறேன்.


கெடிலக்கரை, கடலூர்
வெள்ளி, மாலை 6.30

தம்பி, உங்களுக்கு அது நன்மைதான். எங்கே தொடங்கியது என்று மேலே போய்ப் பார்க்க உங்களுக்குத் தெரியும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முப்பது வரி நிறம் மாறினால் முப்பது வரியும் தன் தப்பு என்றுதான் தோன்றும். நான் கணக்கு நோட்டில் தப்பான படியை மட்டும்தான் வட்டமிடுவேன், பக்கம் முழுவதையும் அடிக்க மாட்டேன். அதனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். புதன்கிழமை மாலை ஆறாவது படிக்கும் பையனை உட்காரவைத்து வேண்டுமென்றே மூடும் குறியை எடுத்துவிட்டேன். சிவப்பைப் பார்த்ததும் வரியின் கடைசிக்குப் போய் அவனே போட்டான், என்னைக் கேட்கவில்லை.

கூடுதலாக ஒரு விதியும் சேர்த்திருக்கிறேன். போனில் எழுதி அனுப்பும் பிள்ளைகளுக்கு நேர் மேற்கோளுக்குப் பதில் “ ” என்ற வளைந்த மேற்கோள் வந்துவிடுகிறது, எண் 8220, 8221. என் மொழிக்கு அது தெரியாது. அந்த இரண்டு குறியும் எங்கே வந்தாலும் சிவப்பு. அந்த விதியைச் சரத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன், ஒழுங்காக மூடிய சரத்துக்குள் ஒரு பிள்ளை அதை எழுத நினைத்தால் எழுதிக்கொள்ளட்டும்.

தாளும் சரியாகிவிட்டது. எட்டு சொல்லும் மொத்தையாக, ‘முடிவு’ முழுக்க மெலிதாக, ‘ஆகாயம்’ உடையாமல் வந்திருக்கின்றன. பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இந்த முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். தேவனாம்பட்டினத்துப் பெண்ணின் நோட்டில் அவள் திருத்திய நான்கு இடத்துக்கும் பக்கத்தில், ‘நீ முதலில் எழுதியதுதான் சரி, மிஸ் கொடுத்த தாள் தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லி அவள் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடை எட்டரைக்கு மூடிவிடுவார்கள். பத்துத் தாள் எடுக்க வேண்டும், கிளம்புகிறேன்.